காற்றுக்கு முன்னரே பாதையைத் தெரிந்துகொள்வோம்



பூநகரிக்குத் திரும்பி வந்தபோது உங்களில் பலருக்குத் தகரக் கொட்டில்தான் வீடாக இருந்தது. எங்கள் நிலம் தாழ்வானது. ஒருபுறம் கடல்நீரேரி, மறுபுறம் கடல். 1964 டிசம்பர் 22 இரவு வடக்கைத் தாக்கிய சூறாவளியை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று அக்கரையில் தனுஷ்கோடியைக் கடலே மூடியது. 2008 நவம்பரில் ‘நிஷா’ கொட்டிய மழையைத் தறப்பாளின் கீழ் இருந்து பார்த்தவர்கள் நீங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வானொலிச் செய்தியைத் தவறாமல் கேளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரித்தால் கடலுக்குப் போகாதீர்கள். வள்ளத்தை மேட்டில் ஏற்றிக் கட்டுங்கள். கூரைத் தகரத்தைக் கயிற்றால் இறுக்குங்கள். காற்றில் பறக்கும் தகரம் ஆளை வெட்டும். அடையாள அட்டை, பங்கீட்டு அட்டை, மருந்து ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, போகும் பாதை. எந்தப் பாடசாலையில் தங்கலாம் என்று கிராம அலுவலரிடம் இன்றே கேளுங்கள். பிள்ளைகளுடன் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். அவசரத்திலும் கண்ணிவெடி அகற்றப்படாத பற்றைக்குள் குறுக்குவழி தேடாதீர்கள். வெள்ளம் வெடிபொருளை இடம்மாற்றும். எச்சரிக்கைப் பலகையையும் அள்ளிச் செல்லும். ஆகவே, திரும்பும்போதும் பழகிய பாதையிலேயே வாருங்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

காற்று திடீரென ஓய்ந்தால் உடனே வெளியே வராதீர்கள். சூறாவளியின் நடுப்பகுதி கடக்கும்போது அமைதி தோன்றும். பிறகு எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். ஆபத்து நீங்கியதென அறிவிக்கும்வரை பொறுத்திருங்கள். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இல் அழையுங்கள்.

தனித்திருக்கும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு செல்லுங்கள்.