தொட்டிலைப் பழிக்காதீர்கள்



யானை தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது என்று செய்தி வந்ததும் ஒரு பேச்சு கிளம்புகிறது. "ஜனத்தொகை பெருத்துப்போச்சு, யானைக்கு இடமில்லை, என்ன செய்ய முடியும்?" 1951இல் 36 கோடியாக இருந்த நாடு இன்று 140 கோடியைத் தாண்டிவிட்டது. அந்தப் பெருக்கத்தில் எத்தனையோ காடு கழனியானது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் கதை என்ன? இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைதான் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். 1990களிலேயே நாம் அந்த அளவுக்கு இறங்கிவிட்டோம். தொட்டில்கள் குறைந்த அதே காலத்தில்தான் நம் மலையடிவாரமெங்கும் மின்வேலி முளைத்தது. கணக்கு எங்கே உதைக்கிறது?

கோவையை ஒட்டிய தடாகத்துக்குப் போய்ப் பாருங்கள். யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த பள்ளத்தாக்கு அது. அங்கே செம்மண்ணைத் தோண்டி எடுத்து, பனை ஆழத்துக்குப் பள்ளம் பறித்துப் போட்டார்கள். 2021இல் அங்கே இழுத்து மூடப்பட்ட செங்கல் சூளைகள் 180க்கும் மேல்! அந்தச் செங்கல் எங்கே போனது? குடிசையில் பத்துப் பிள்ளை பெற்றவன் வீட்டுக்கா? இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு, வார இறுதிக்கு ஒரு பண்ணை வீடு என்று கட்டியவர்களின் சுவருக்குள் போயிற்று அந்த மண். குட்டியோடு வரும் தாய் யானை பழைய தடத்தில் வந்து பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது. சுற்றிப் போக வழி தேடினால் வாழைத்தோட்டம். அங்கிருந்து தொடங்குகிறது பட்டாசும் பகையும்.

2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை விழுந்தது. டாக்டர்கள் நாள்கணக்கில் போராடியும் பிழைக்கவில்லை. உடலைப் பிரித்தபோது கருப்பையில் குட்டி, குடலில் பிளாஸ்டிக். மலையடிவாரத்தில் குப்பையைக் கொட்டியது நாம். பால் பாக்கெட்டும் சிப்ஸ் உறையும் உப்பு வாசனையோடு கிடந்தால் யானை தின்னத்தான் செய்யும். இருபத்திரண்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும் உயிர், தோழர்களே! ஒரு தாய் செத்தால் அந்தக் கூட்டம் எப்போது மீளும்?

நீலகிரியின் சீகூரைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானை கடக்கும் அந்தத் தடத்தை மறித்து ரிசார்ட் கட்டினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபரில் தடம் யானைக்கே என்று தீர்ப்பு வந்தது. மூன்றே மாதத்தில், மசினகுடியில் ஒரு விடுதி அருகே வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காது வெந்து அது செத்தது. அங்கே பசியா இருந்தது? இல்லை, ஜன்னலைத் திறந்தால் காடு தெரிய வேண்டும் என்ற ஆசை!

யானையால் சாகிறவன் யார் என்றும் கேளுங்கள். ரிசார்ட் முதலாளியா? விடியற்காலையில் பால் ஊற்றப் போனவர், தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண், இருட்டில் வீடு திரும்பிய இருளர் இளைஞன். வழியை அடைத்தவன் ஒருவன், மிதிபடுகிறவன் வேறொருவன். அவனைப் பார்த்து "நீ ஏன் இத்தனை பேர் பெருகினாய்?" என்று கேட்பது அநியாயம்!

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த மேடை வைக்கிறது. வலசைப் பாதையில் இனி ஒரு மனைக்கும் அனுமதி கூடாது. கொடுத்த அதிகாரியின் பெயரை ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள். மலையடிவாரக் குப்பைக் கிடங்குகளை அப்புறப்படுத்துங்கள். தோண்டியவன் செலவிலேயே தடாகத்துப் பள்ளங்களை மூட வையுங்கள். தீர்மான நோட்டு வாசலில் இருக்கிறது, மலையடிவாரத்தில் மனை வாங்க முன்பணம் கொடுத்தவர்களும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்!