கொசுறுக் குருவி



சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் 'கொசுறு' என்ற சொல் தெரியும். கீரைக்கார அம்மாவிடம் இரண்டு கட்டு வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவார். அதற்கு விலை கிடையாது, கணக்கிலும் வராது. இயேசு வாழ்ந்த காலத்துச் சந்தையிலும் கொசுறு இருந்தது. அன்று ஏழைகளின் கைக்கு எட்டிய மலிவான இறைச்சி சிட்டுக்குருவி. மத்தேயு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் விலைப்படி ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் இரண்டு காசு கொடுத்தால் ஐந்து குருவி. கூட்டிப் பாருங்கள். நான்கு குருவிக்குத்தான் காசு. ஐந்தாவது கொசுறு. வியாபாரி கணக்கில் வைக்காத அந்த ஐந்தாவது குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர்.

இந்தப் பகுதியை நாம் நமக்கு ஆறுதலாக வாசித்துப் பழகியிருக்கிறோம். 'குருவியையே நினைக்கிற கடவுள் என்னை மறப்பாரா?' என்று கேட்டுக்கொள்கிறோம். அது சரியான வாசிப்புதான். ஆனால் நம் ஆறுதல் முழுவதும் அந்தக் குருவியின்மேல்தான் நிற்கிறது. கடவுளுக்குக் குருவிமேல் அக்கறை இருப்பதால்தான் அந்த வார்த்தையில் உயிர் இருக்கிறது. தந்தை பாசமாய்ப் பார்த்துக்கொள்ளும் ஒன்றைப் பிள்ளைகள் மிதித்துவிட்டுப் போகலாமா? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

கடந்த சனவரியில், பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை, எங்கள் பங்கின் மறைக்கல்வி மாணவ மாணவியர் 42 பேரை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்திற்குக் கல்விப் பயணமாக அழைத்துச் சென்றோம். புறப்படும் முன்பே சில பெற்றோர், "மறைக்கல்வியில பறவைக்கு என்ன வேலை சாமி?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து காட்டினேன். முதல் மனிதனைத் தோட்டத்தில் வைத்த கடவுள் அவனிடம் ஒப்படைத்த வேலை இரண்டு: அதைப் பண்படுத்துவது, அதைப் பாதுகாப்பது. பாவம் உலகில் நுழையும் முன்பே மனிதனுக்குத் தரப்பட்ட பொறுப்பு இது. அப்படியானால் மறைக்கல்வியின் முதல் பாடங்களில் ஒன்றைத்தான் நாங்கள் நேரில் பார்க்கப் போனோம்.

வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சாதாரணப் பாசன ஏரி. நம் ஊர்களில் இருப்பது போன்ற கரை, மதகு, கரைக்குக் கீழே வயல். ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டியிருந்தன. கரையில் நடந்தும் பார்வைக் கோபுரத்தில் ஏறியும் பார்த்தோம். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், வக்கா என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு முழுவதும் மூடாது. நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். வயலிலும் ஏரியிலும் உள்ள நத்தைகளைப் பிடித்துத் தின்ன அதற்கு ஏற்ற அலகு அது.

அந்த ஏரியைக் காத்தவர்கள் யார் என்பதுதான் பிள்ளைகளை அதிகம் யோசிக்க வைத்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டர் லயோனல் பிளேசிடம் போய் முறையிட்டு, பறவைகளைச் சுடக்கூடாது என்ற உத்தரவை எழுத்தில் வாங்கினார்கள். அது 1798-ஆம் ஆண்டு என்று சொல்லப்படுகிறது. சுற்றுச்சூழல் சட்டங்களெல்லாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஏர் பிடித்த மக்கள் துப்பாக்கி பிடித்தவர்களுக்கு எதிராக வாங்கிய உத்தரவு! அரசு அந்த இடத்தைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-இல். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது சேர்ந்தது 2022-இல். பட்டியல்கள் வருவதற்கு முன்னே அந்த ஊர் மக்கள் அங்கே காவல் நின்றார்கள்.

மதகுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற வயதான விவசாயி ஒருவரிடம் பிள்ளைகள் பேச்சுக் கொடுத்தார்கள். பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீரே உரமாகிறது என்றும், அந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்கு அவ்வளவாக உரம் போட வேண்டியதில்லை என்றும் அவர் விளக்கினார். தீபாவளிக்கு ஊரில் வெடி வெடிப்பதில்லை என்றும் சொன்னார். உடனே எங்கள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "தாத்தா, உங்க ஊர்ப் பசங்களுக்கு வெடிக்க ஆசையா இருக்காதா?" என்று கேட்டாள்.

பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஆசை இருக்கும் பாப்பா, ஏன் இருக்காது? தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பொண்ணு உள்ளே படுத்திருக்கும்போது வாசல்ல யாராவது வெடி போடுவாங்களா?" என்றார்.

சிறிது நேரம் கழித்து ஒரு பையன், "மழை இல்லாத வருசம் என்ன செய்வீங்க தாத்தா?" என்று கேட்டான். "ஏரி காஞ்சா அதுங்க வராது. வராட்டி என்ன, அடுத்த வருசம் வரும்னு மரத்தைக் காப்பாத்தி வைப்போம்" என்றார்.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பதிலை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன். 'உரம் கிடைக்கிறது, அதனால் காக்கிறார்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உரம் கிடைப்பது உண்மைதான். ஆனால் பறவை வராத ஆண்டிலும் மரத்தைக் காப்பவரை வெறும் ஆதாயக் கணக்கில் அடக்க முடியாது. அதற்குப் பெயர் நம்பிக்கை.

இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளாதே. தாயைப் போகவிடு என்பது அதன் பொருள். அப்படிச் செய்தால் நலமும் நீண்ட வாழ்வும் உண்டு என்று கடவுள் வாக்களிக்கிறார். இதே வாக்குறுதியை அதே நூலின் 5-ஆம் அதிகாரத்தில், தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளையோடும் சேர்த்துத் தருகிறார். பெற்றோரை மதிப்பதற்கு என்ன ஆசீரோ, அதே ஆசீர் ஒரு தாய்ப்பறவைக்கு இரங்குவதற்கும்! எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கையில் இருக்கும்போது கொஞ்சத்தை விட்டுவைக்கக் கற்றுக்கொள் என்கிறது இறைவார்த்தை. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலை எழுதியபோது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, தேவையில்லாத விளக்கை அணைப்பது, மரம் நடுவது போன்ற அன்றாடச் சிறு செயல்களையும் அன்பின் செயல்களாகவே பார்த்தார்.

இனி, எங்கள் பங்கில் நடப்பதைச் சொல்கிறேன். திரும்பி வரும்போது பேருந்தில் பாட்டு முடிந்தபிறகு ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஃபாதர், நம்ம கல்லறைத் தோட்டத்துப் புளியமரத்துலயும் ராத்திரி கொக்கு அடையுதே. திருவிழா வாணவேடிக்கை அன்னிக்கு அதுங்க எங்க போகும்?" பதில் எல்லாருக்கும் தெரியும். சென்ற ஆண்டு திருவிழாவின் தேர்ப்பவனி இரவில் கொக்குகள் இருட்டில் சுற்றிச் சுற்றிப் பறந்தன. விடிந்ததும் கோயில்பிள்ளை கல்லறைகளுக்கு நடுவிலிருந்து ஏழு கொக்குகளைக் கூட்டி அள்ளிப் புதைத்தார். அந்த ஏழும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. திருவிழா வரவு செலவில் அவற்றுக்கு இடம் ஏது?

பிள்ளைகள் பங்குப்பேரவைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். இந்த ஆண்டு முதல் வாணவேடிக்கை வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அங்கேதான் சிக்கல். எங்கள் பங்கில் வாணவேடிக்கை ஒரு குடும்பத்தின் நேர்ச்சை. மூன்று தலைமுறைக்கு முன், சாகக் கிடந்த குழந்தை பிழைத்ததற்கு நன்றியாக அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஆரோக்கிய அன்னைக்கு நேர்ந்துகொண்டது. அவர்களின் அனுமதியோடுதான் இதை வானொலியில் சொல்கிறேன். அந்த வீட்டின் மூத்தவர் என்னிடம், "சாமி, எங்க தாத்தா மாதாவுக்கு வாக்குக் குடுத்தாரு. கொக்குக்காக மாதா வாக்கை மீறச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கேள்வியில் பிடிவாதம் இல்லை, பக்தி இருந்தது. பிள்ளைகளிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். படைப்பை நேசிக்கிறேன் என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரரின் பக்தியைக் கேலி செய்ய நமக்கு உரிமை கிடையாது.

நேர்ச்சையைப் பற்றித் திருச்சபை என்ன கற்பிக்கிறது என்பதை அவருக்கு விளக்கினேன். உங்களுக்கும் பயன்படலாம். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1193-ஆம் எண். பேரப்பிள்ளைகள் அதைத் தொடர்வது கடமையால் அன்று, அன்பால். நேர்ந்தவரே தம் தனிப்பட்ட நேர்ச்சையை அதைவிட மேலான, அல்லது அதற்கு இணையான நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறது 1197-ஆம் எண். அந்தப் பெரியவர் நேர்ந்தபோது அவர் உள்ளத்தில் இருந்தது என்ன? வெடியா? இல்லை, நன்றி. ஓர் உயிர் பிழைத்ததற்கான நன்றி. உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்லும் இரவில் மற்ற உயிர்கள் சாகாமல் பார்த்துக்கொண்டால், நேர்ச்சை இன்னும் நிறைவாகாதா? அதே செலவில் பங்கின் ஏழைக் குழந்தைகள் சிலரின் மருத்துவத்திற்கு உதவினால், ஆரோக்கிய அன்னை முகம் சுளிப்பாரா?

நான் ஆணையிடவில்லை. ஆணையிட்டால் வெடி நிற்கும், மனம் மாறாது. "எங்க அம்மாவைக் கேட்டுச் சொல்றேன் சாமி" என்று போயிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் முடிவு எதுவானாலும் அவர்கள் நம் பங்கின் அன்பான பிள்ளைகள்தாம்.

வருகிற செப்டம்பர் 1 படைப்பின் பாதுகாப்புக்கான இறைவேண்டல் நாள். நம் மாதாவின் நவநாள் நடுவிலேயே அது வருகிறது. இதைக் கேட்கும் ஒவ்வொருவரும் உங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் பேசுங்கள்: நம் தெருவில், நம் குளத்தில், நம் கோயில் வளாகத்தில் கணக்கில் வராத உயிர் எது? அதற்காக நாம் எதை விட்டுக்கொடுக்க முடியும்? குளத்தில் கொட்டும் ஞெகிழிக் குப்பையாக இருக்கலாம். வெட்ட நினைக்கும் ஒரு வேப்பமரமாக இருக்கலாம். ஒன்று போதும். வேடந்தாங்கலும் ஓர் ஏரியைத்தான் காத்தது.

செபிப்போம்: விலையில்லாத குருவியையும் மறவாத தந்தையே, எங்கள் கணக்குகளைத் திருத்தியருளும். எடுத்துக்கொள்ளக் கை நீளும்போது விட்டுவைக்கும் மனத்தைத் தாரும். எங்கள் பக்தி உம் படைப்புக்கு நலம் தருவதாக இருக்க அருள்புரியும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.