சொல்லைப் பாடிய குரல்

பாடகர் ஒருவரைப் பற்றிப் பேச வந்தால், அவருடைய சாரீரத்தின் இனிமையைப் புகழ்ந்து தொடங்குவது வழக்கம். பீட்டர் பியர்ஸ் என்னும் ஆங்கிலப் பாடகரைப் பற்றி அவ்வாறு தொடங்க என்னால் இயலாது. அவருடையது மெலிந்த குரல். நாணற்குழலின் ஓசையைச் சற்றே ஒத்த குரல். இத்தாலியப் பாடகர் கரூஸோவைப் போல அரங்கை நிறைத்து வழியும் வளம் அதில் இல்லை. முதன்முறை கேட்போரில் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில இசை நாடகம் பெற்ற மறுமலர்ச்சி பெரிதும் இந்தக் குரலையே நம்பி நின்றது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

மேல்நாட்டு இசையில் ஆடவரின் உயர்ந்த குரலை டெனர் என்பர். டெனர் பாடகருக்கு இரண்டு களங்கள் உண்டு. ஒன்று ஆப்பெரா. வேடம் புனைந்து, நடித்து, உரையாடலையும் இசையாகவே பாடும் நாடகம் அது. மற்றொன்று ஒரட்டோரியோ. பெரும்பாலும் விவிலியக் கதையே அதன் பொருள். வேடமும் இல்லை, திரையும் இல்லை. பாடகர் கையில் ஏட்டுடன் நின்ற இடத்தில் நின்றே பாடுவார். ஆப்பெராவில் டெனர் பெரும்பாலும் காதலன் அல்லது வீரன். ஒரட்டோரியோவிலோ பல வேளைகளில் அவர் கதை சொல்பவர். கதாகாலட்சேபமும் நாடகமும் கண்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கதை சொல்லும் கலையில் தேர்ந்ததனால்தான் பியர்ஸ் நாயகனாக நிற்பதிலும் புதுமை செய்தார் என்பது என் கருத்து.

அவர் 1910 ஜூன் 22ஆம் நாள் ஃபார்னம் என்னும் ஊரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டுப் படிப்பை முடிக்கவில்லை; சில காலம் பள்ளி ஆசிரியர்; பின்னர் லண்டன் ராயல் இசைக் கல்லூரி; அதன் பின் பி.பி.சி. வானொலியின் பாடகர் குழு. 1937இல் பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இளம் இசையமைப்பாளரின் நட்பு கிடைத்தது. 1939இல் இருவரும் அமெரிக்கா சென்றனர். அதுமுதல் 1976இல் பிரிட்டன் மறையும் வரை இல்வாழ்விலும் இசைவாழ்விலும் துணைவர்களாகவே இருந்தனர்.

1941இல் அவர்கள் கலிஃபோர்னியாவில் தங்கியிருந்தபோது ‘லிஸனர்’ என்னும் பி.பி.சி. இதழ் ஒன்று கைக்கு வந்தது. அதில் நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர், ஆல்ட்பரோ என்னும் கடற்கரை ஊரிற் பிறந்த ஜார்ஜ் கிராப் என்ற பழைய கவிஞரைப் பற்றி எழுதியிருந்தார். எழுதியிருந்தார் என்பதினும் பேசியிருந்தார் என்பதே பொருந்தும்; அது ஒரு வானொலிப் பேச்சின் அச்சு வடிவமே. ஆல்ட்பரோ பிரிட்டன் பிறந்து வளர்ந்த கடற்கரைப் பகுதியைச் சார்ந்தது. அதைப் படித்ததும் அவருக்குத் தாயக ஏக்கம் மிகுந்தது. பியர்ஸ் பழைய புத்தகக் கடையொன்றில் கிராப்பின் கவிதைத் தொகுப்பைத் தேடிப் பிடித்தார். வானொலிப் பேச்சு காற்றோடு போவது என்று கருதுவோர்க்கு இந்தச் செய்தியைச் சொல்லி வைக்கிறேன்: ‘பீட்டர் கிரைம்ஸ்’ என்னும் ஆப்பெரா அதிலிருந்தே முளைத்தது.

1942இல், போர் நடுவே, இருவரும் கப்பலேறித் தாயகம் திரும்பினர். கொலைத் தொழிலுக்கு மனச்சான்று இடங்கொடாது என்று கூறிப் படைச்சேவையிலிருந்து விலக்குப் பெற்றனர். நாடே ஆயுதம் தாங்கி நின்ற வேளையில் இது எளிய காரியமன்று. பியர்ஸ் சேர்ந்த சாட்லர்ஸ் வெல்ஸ் ஆப்பெராக் குழுவிலேயே, போருக்குப் போகாதவர்களுக்கு இத்தனை சிறப்பா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர். அந்த முணுமுணுப்புக்கிடையேதான் 1945 ஜூன் 7ஆம் நாள், ஐரோப்பாவில் போர் ஓய்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது, ‘பீட்டர் கிரைம்ஸ்’ அரங்கேறியது.

கிரைம்ஸ் ஒரு மீனவன். அவனிடம் தொழில் பழகிய சிறுவன் ஒருவன் கடலில் இறக்கிறான். ஊர் அவனைச் சந்தேகிக்கிறது. அடுத்த சிறுவனும் இறக்கவே வேட்டையாடவே புறப்படுகிறது. அவன் நல்லவனா, கொடியவனா? நாடகம் விடை கூறவில்லை. புயலடிக்கும் இரவில் அவன் மதுக்கடையினுள் நுழைந்து விண்மீன்களைப் பற்றிப் பாடும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டில் பிரிட்டன் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வைத்தார். நெஞ்சுக் குரல் தலைக் குரலாக மாறும் எல்லையில் உள்ள ஸ்வரம் அது. டெனர்கள் பலர் அஞ்சித் தாண்டிச் செல்லும் இடம். பியர்ஸின் குரலோ அவ்விடத்தில்தான் ஒளி பெறும். ஊரார் புரிந்துகொள்ளாத ஒருவனின் தனிமையை அந்த ஒற்றை ஸ்வரம் காட்டிவிடுகிறது. இறுதியில் மனம் பேதலித்த கிரைம்ஸ் கடற்கரையில் புலம்பும்போது வாத்தியங்கள் யாவும் ஓய்ந்துவிடுகின்றன. மூடுபனியில் ஒலிக்கும் எச்சரிக்கைக் கொம்பும், தொலைவில் அவன் பெயரைக் கூவும் ஊராரின் குரலுமே துணை. வளமான குரல் அங்கே பெரிதும் உதவாது. சொல்லைச் சொல்லத் தெரிந்த குரலே வேண்டும்.

அந்தக் கல்வியைப் பியர்ஸுக்கு அளித்தவற்றுள் தலையாயது பாக் இயற்றிய ‘மத்தேயுவின்படி பாடுகள்’ என்பேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம் நிகழும் இந்தப் பேரிசையில் டெனருக்குச் சுவிசேஷகர் பாகம். இயேசுவின் சொற்களுக்கு வில் வாத்தியங்கள் ஒளிவட்டம்போல் சூழ்ந்து இசைக்கும். சுவிசேஷகருக்கு அந்தச் சிறப்பு இல்லை. கீழ் ஸ்தாயியில் இரண்டொரு வாத்தியங்கள் மட்டுமே. கைதட்டல் பெறத்தக்க பெரும் பாட்டும் அவருக்கு இல்லை. எனினும் அவர் சோர்ந்தால் கதையே சோர்ந்துவிடும். பேதுரு மும்முறை மறுதலித்து, சேவல் கூவி, அவன் வெளியே சென்று மனங்கசந்து அழுத இடத்தில், பாக் அந்த அழுகையைச் சுருளச் சுருள நீளும் ஒரு ராக வரியாக அமைத்திருக்கிறார். அங்கே தாமும் சேர்ந்து அழுதுவிடும் பாடகர்கள் உண்டு. ஓட்டோ கிளெம்பரர் நடத்த 1961இல் பதிவான இசைத்தட்டில் பியர்ஸ் அழுவதில்லை. அழுதவனைக் கண்ணாற் கண்டு வந்து நம்மிடம் சொல்கிறார். கேட்கும் நமக்கோ தொண்டை அடைக்கிறது.

நடித்தவரும் கதை சொன்னவரும் ஒன்றான நாள் 1962 மே 30. காவன்ட்ரி நகரின் பழைய தேவாலயம் 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்தது. அந்த இடிபாடுகளை அப்படியே விட்டு, அருகில் எழுப்பிய புதிய ஆலயத்தின் விழாவுக்காகப் பிரிட்டன் ‘போர் ரெக்குயெம்’ என்னும் இசையை அமைத்தார். இறந்தோர்க்கான லத்தீன் வழிபாட்டைப் பெண் குரலும் பாடகர் திரளும் பாட, இடையிடையே வில்ஃப்ரட் ஓவன் எழுதிய ஆங்கிலக் கவிதைகளை இரண்டு போர்வீரர்கள் பாடுகின்றனர். ஓவன் முதல் உலகப்போர் முடிவதற்கு ஒரு வாரம் முன்னர், 1918 நவம்பர் 4ஆம் நாள் போர்க்களத்தில் மாண்டவர். ஒரு வீரன் பாகத்தைப் பாடியவர் பியர்ஸ். மற்றவர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ என்னும் ஜெர்மானியர். ஹிட்லரின் படையிற் சேர்க்கப்பட்டு, இத்தாலியில் போர்க்கைதியாயிருந்தவர். துப்பாக்கி ஏந்த மறுத்தவரும் ஏந்த நேர்ந்தவரும் அருகருகே நின்றனர். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் மறுமையில் சந்திக்கும் கவிதையை இருவரும் பாடினர். இசை முடிந்தபோது ஃபிஷர்-டீஸ்கௌ உள்ளம் உடைந்து எழ இயலாதிருந்தார். அவரை எழுப்பப் பியர்ஸ் பாடுபட வேண்டியிருந்தது.

இதில் மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. டெனர் முழுவதும் ஆங்கிலத்திலேயே பாடுகிறார். ஒரே ஓரிடத்தில் மட்டும் லத்தீனுக்கு மாறி, எங்களுக்கு அமைதி தாரும் என்று பொருள்படும் மூன்று சொற்களைப் பாடுகிறார். மிக மெல்லிய ஏறுவரிசை, துணைக்கு ஏதுமில்லை. பிறர் பாடி இதைக் கேட்டதுண்டு. இனிமையில் அவர்கள் விஞ்சலாம், வேண்டுதலில் விஞ்சவில்லை.

1964இல் ‘கர்லூ ரிவர்’ நாடகத்தில், மகனைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கிய தாயாகவே பியர்ஸ் தோன்றினார். அவ்விருவரும் 1956இல் டோக்கியோவில் கண்ட ஜப்பானிய நோ நாடகத்தின் தழுவல் அது. 1973இல், 63 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், ‘வெனிஸில் மரணம்’ என்னும் ஆப்பெராவில், ஏறக்குறைய முழுநேரமும் மேடையை விட்டு அகலாத முதிய எழுத்தாளர் வேடம். தம் இருதய அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பிரிட்டன் எழுதி முடித்தது அது. அரங்கேற்றத்தைக் காண அவர் உடல்நிலை இடந்தரவில்லை. மறு ஆண்டு அதே வேடத்தில் பியர்ஸ் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் முதன்முறையாகப் பாடினார். மற்ற டெனர்கள் ஓய்ந்துவிடும் வயது அது.

1978இல் அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கியது. 1980 இறுதியில் வந்த பக்கவாதம் பாட்டை நிறுத்திற்று. ஆனால் ஆல்ட்பரோவுக்கு அருகே ஸ்நேப்பில் இளம் பாடகர்களுக்கு அவர் தொடர்ந்து கற்பித்துவந்தார். 1986 ஏப்ரல் 3ஆம் நாள் காலமானார். ஆல்ட்பரோ தேவாலயத்து இடுகாட்டில் பிரிட்டனின் கல்லறைக்கு அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.