சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம்?

(தலைப்பு: கூட்டாகச் செய்யும் வேலைக்குப் பெரிதும் தேவை தடையில்லாப் பேச்சா, தடம் மாறாப் பேச்சா? அணி: தடம் மாறாப் பேச்சே!)

நடுவர் அவர்களே! முழங்கி முடித்துவிட்டு இப்போ தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே!

நண்பர் சொன்னார், “வாய்க்குப் பூட்டுப் போடாதீங்க, பத்துப் பேர் பத்து விதமாப் பேசினாத்தான் புதுசு பிறக்கும்”னு. நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுக் கல்யாணத்தை நினைச்சுப் பாருங்க. மாப்பிள்ளையை அரை மணி நேரத்துல முடிவு பண்ணிடுவோம். பத்திரிகை மஞ்சளா, சிவப்பான்னு அஞ்சு நாள் சண்டை! (சிரிப்பு)

இது உலக வியாதிங்க. பார்க்கின்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1957-ல் வந்த தன் புத்தகத்தில் ஒரு கமிட்டியைக் காட்டுகிறார். ஒரு கோடி பவுண்டு செலவில் அணு உலை: இரண்டரை நிமிடத்தில் சம்மதம். 350 பவுண்டில் சைக்கிள் கொட்டகை: முக்கால் மணி நேரம் விவாதம்! ஏன்? அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகை எல்லாருக்கும் தெரியும்! (கைதட்டல்)

கதைதானேன்னு கேட்பீங்க. நிஜத்திலும் நடந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்று ஒரு கணினி இயக்க மென்பொருள். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசியே வளர்த்தது. 1999-ல் ஒரு சின்ன யோசனை வந்தது. ‘இத்தனை விநாடி காத்திரு’ என்ற கட்டளைக்கு அரை விநாடி, கால் விநாடியும் சொல்ல வசதி வேண்டும். அவ்வளவுதான்! அதுக்குக் கிளம்பின விவாதத்தைப் பார்த்து, டென்மார்க்கைச் சேர்ந்த பால்-ஹென்னிங் காம்ப், அந்தச் சைக்கிள் கொட்டகைக் கதையைச் சொல்லிக் கடிதம் எழுதினார். இன்றைக்கும் விவாதம் தடம் மாறினால் நிரலாளர்கள் சொல்லும் பெயர் ‘சைக்கிள் கொட்டகை’தான்.

நடுவர் அவர்களே, இதில் நஷ்டம் யாருக்கு? சம்பளம் இல்லாமல், ஆபீஸ் முடிந்து, பிள்ளை தூங்கினபிறகு உட்காருகிறவனுக்கு! அவன்கிட்ட இருக்கிறது ஒரு மணி நேரம். அதையும் வெட்டிச் சண்டையில் தின்றுவிட்டால், மறுநாள் அவன் வருவானா?

“அப்போ பெரிய யோசனையை எங்கே பேசுறது?” நியாயமான கேள்வி. 1993-ல் இணையப் பக்கத்தில் படம் காட்ட ஒரு குறி வைக்கலாம் என்றார் மார்க் ஆண்ட்ரீசன். வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ உட்படப் பலர் வேறு வழிகள் சொன்னார்கள். ‘எல்லா ஊடகத்துக்கும் பொது வழி வேண்டும்’ என்ற குரலும் எழுந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, ஆண்ட்ரீசன் குழு படத்தை மட்டும் முடித்தது. அந்த ஆண்டே மொசைக் உலாவியில் அது வந்தது. இன்றைக்கும் பேத்தி போட்டோவை இணையப் பக்கத்தில் காட்டுவது அந்தக் குறிதான்! பெரிய கேள்வி செத்துப்போச்சா? இல்லையே! ஒலிக்கும் காணொளிக்கும் உரிய குறிகள் 2014-ல் ஹெச்.டி.எம்.எல். 5 தரநிலையில் இடம் பிடித்தனவே!

பேசாதேன்னு சொல்லலைங்க. எதுக்கு உட்கார்ந்தோமோ அதை முடி. மற்றதுக்கு வேறு பாய் விரி. இரண்டையும் ஒரே பாயில் போட்டால் இரண்டும் விளங்காது.

மணி அடிக்கும் முன்பே முடித்துக்கொள்கிறேன், நான் தடம் மாறாத அணி அல்லவா! (பலத்த கைதட்டல்)