மனித உரிமைகள் நிறுத்தத்தில் இறங்குங்கள்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ரைன் நதியைத் தாண்டினால் ஜெர்மனி என்ற இடத்தில் இருக்கிறது ஸ்ட்ராஸ்பர்க் நகரம். அங்கே 'இ' வழி டிராமில் ஏறி வடக்கே போனால், ஐரோப்பிய நாடாளுமன்ற நிறுத்தம் வரும். அதற்கு அடுத்த நிறுத்தத்தின் பெயரே 'மனித உரிமைகள்'. நம் ஊர்ப் பேருந்தில் பனகல் பார்க் என்று குரல் கொடுப்பதுபோல, வெகு சாதாரணமாக ஒலிபெருக்கி அந்தப் பெயரைச் சொல்லும். காய்கறிப் பையோடு ஒரு பாட்டி இறங்குவார். கருப்புக் கோட்டோடு ஒரு வக்கீல் இறங்குவார். பின்னாலேயே மாணவர் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு பருவம் இருந்தேன்.

வருகை மாணவர் என்று எங்களுக்குப் பெயர். பட்டம் தரப்போவது சொந்தப் பல்கலைக்கழகம்தான். முதுகலைப் படிப்பின் ஒரு பகுதியை மட்டும் வெளியூரில் படித்து, மதிப்பெண்ணை ஊருக்குக் கொண்டுபோகலாம். வெனிஸ் நகரத்து லிடோ தீவில், பழைய மடாலயம் ஒன்றில் நடக்கும் ஐரோப்பிய மனித உரிமை முதுகலைப் படிப்பிலும் இதுபோன்ற ஏற்பாடுதான். முதல் பருவம் அங்கே, இரண்டாம் பருவம் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில். வெளியூர் மாணவர் வருவது ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் புதிதல்ல. 1770இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓர் இளைஞர் சட்டம் படிக்க இங்கே வந்தார். உயரம் என்றாலே தலைசுற்றும் அவருக்கு. அந்தப் பயத்தை விரட்டவே பெருங்கோயில் கோபுரத்தில் திரும்பத் திரும்ப ஏறினாராம். அவர்தான் கவிஞர் கோதே. அந்தக் கோபுரத்தின் உயரம் 142 மீட்டர். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகிலேயே உயர்ந்த கட்டடமாக நின்றது அது. ஏறிப் பார்க்கும் மேடை பாதி உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கே முந்நூறுக்கு மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே காப்பி குடிக்கலாம்.

அந்த டிராம் நிறுத்தத்தின் அருகில்தான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. இந்த ஊரில் எதற்கு அப்படி ஒரு நீதிமன்றம்? 1871இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனிக்குப் போனது ஸ்ட்ராஸ்பர்க். 1918இல் திரும்ப பிரான்சுக்கு வந்தது. 1940இல் நாஜிகள் பிடித்தார்கள், 1944இல் மீட்கப்பட்டது. 1870இல் பிறந்து எழுபத்தைந்து வயது வரை இருந்த ஒருவருக்கு, வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கு முறை நாடு மாறியிருக்கும். எல்லைச் சண்டையில் இவ்வளவு அடிபட்ட ஊரில்தான் சமரசத்துக்கு ஓர் அலுவலகம் வைக்க வேண்டும் என்று 1949இல் முடிவு செய்தார்கள். அப்படி வந்ததுதான் ஐரோப்பிய அவை. நீதிமன்றம் அதன் அங்கம். இந்த அவை ஐரோப்பிய ஒன்றியம் அல்ல. இரண்டும் வேறு வேறு அமைப்புகள். கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாலும், ஒரே நீலக் கொடி பறப்பதாலும், சட்டம் படிக்க வந்தவர்களே முதல் வாரத்தில் குழம்பிப்போவார்கள்.

நீதிமன்றம் இல் நதியின் வளைவை ஒட்டி நிற்கிறது. ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைத்த கட்டடம். உலோகமும் கண்ணாடியுமாக முன்புறத்தில் இரண்டு பெரிய உருளைகள், அவற்றுக்குப் பின்னால் தண்ணீரோரமாகப் படிப்படியாக இறங்கும் நீண்ட அலுவலக வரிசை. தூரத்திலிருந்து பார்த்தால் நங்கூரம் போட்ட கப்பல்தான். ஓர் உருளை நீதிமன்றத்துக்கு, மற்றொன்று புகார்களை முதலில் சலித்துப் பார்க்கும் ஆணையத்துக்கு என்றுதான் கட்டினார்கள். கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே, 1998இல், சட்டம் மாறி ஆணையமே இல்லாமல் போயிற்று. கட்டடத்தைவிடச் சட்டம் வேகமாக மாறிய இடம் இது.

விசாரணையைப் பார்க்க யாரும் போகலாம். முன்பதிவும் அடையாள அட்டையும் போதும். பெரிய அமர்வு என்றால் பதினேழு நீதிபதிகள், அரைவட்ட மேசையில், நீல அங்கியில். சினிமா கோர்ட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் சாட்சிக் கூண்டில் யாரும் ஏறுவதில்லை, யாரும் மேசையைத் தட்டுவதில்லை. இரண்டு பக்கத்து வக்கீல்களும் தங்களுக்குக் கொடுத்த நேரத்தில் பேசுவார்கள். நீதிபதிகள் கேள்வி கேட்பார்கள். சற்று இடைவேளை, பிறகு பதில். ஒரே காலையில் முடிந்துவிடும். தீர்ப்புக்குத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், விசாரணைக் கூடத்தைவிடத் தபால் பிரிவைப் பற்றித் தெரிந்துகொள்வதே பெரிய பாடம். இங்கே வருகிற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை யாரும் பேசிக் கேட்காமலே முடிந்துவிடுகின்றன. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. ஆரம்பத்தில் வக்கீலும் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, தபாலில்தான் அனுப்ப வேண்டும். உள்நாட்டு நீதிமன்றங்கள் எல்லாவற்றையும் ஏறி இறங்கி முடித்திருக்க வேண்டும். கடைசித் தீர்ப்பு வந்து நான்கு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். முன்பு ஆறு மாதம் இருந்தது, 2022இல் குறைத்தார்கள். இந்தச் சல்லடையில் பத்துக்கு ஒன்பது புகாருக்கு மேல் நின்றுவிடுகிறது. உரிமைச் சட்டம் என்றால் வீர உரைகள் என்று நினைத்து வரும் மாணவருக்கு, தேதியும் விலாசமும் கையெழுத்தும் உயிர்ச் சங்கதிகள் என்று புரிவது இங்கேதான்.

வகுப்பில் படித்த தீர்ப்புகளில் ஒன்றின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வில்வராஜா வழக்கு, 1991. இலங்கையிலிருந்து பிரிட்டனுக்குப் போய் அடைக்கலம் கேட்ட ஐந்து தமிழ் இளைஞர்களின் வழக்கு. பிரிட்டன் மறுத்தது. 1988இல் திருப்பி அனுப்பியது. அங்கே அவர்களில் சிலர் துன்புறுத்தலுக்கும் ஆளானார்கள். ஆனாலும் நீதிமன்றம் பெரும்பான்மையாக பிரிட்டன் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அனுப்பிய நாளில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட ஆபத்து இருந்ததாக நிறுவப்படவில்லை, வெறும் சாத்தியம் போதாது என்றது. பதினேழு ஆண்டு கழித்து, 2008இல் இன்னொரு தமிழரின் வழக்கு. இந்த முறை பெயர் கிடையாது, இரண்டு எழுத்துகள் மட்டும். உடம்பில் தழும்பு, முன்பு கைதானது, அப்போது எடுத்த புகைப்படமும் கைரேகையும், மகனை விடுவிக்க அப்பா போட்ட கையெழுத்து. ஒவ்வொன்றையும் தனித்தனியே தள்ளிவிடலாம். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இவரைத் திருப்பி அனுப்பினால் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை மீறப்படும் என்றது நீதிமன்றம். வகுப்பில் நாங்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாதாடினோம். முதல் தீர்ப்பு தவறு என்பதுதான் இன்றும் என் கட்சி. பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த இரண்டு வழக்குகளையும் தொடுத்தவர்கள் ஐரோப்பியக் குடிமக்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். உடன்படிக்கையின் முதல் பிரிவே, நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. நீ யார் என்று கேட்பதற்கு முன் எங்கே நிற்கிறாய் என்று கேட்கும் சட்டம் இது. அமெரிக்கக் கண்டத்துக்கு சான் ஹோசேயில் ஒரு நீதிமன்றம் உண்டு, ஆப்பிரிக்காவுக்கு அருஷாவில் உண்டு. நம் ஆசியாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

படிப்பு போக வயிற்றுப்பாடும் இருக்கிறதே. மெல்லிய ரொட்டியில் பாலேடும் வெங்காயமும் பரப்பிச் சுடும் ஃப்ளாம்கூஷ் என்ற பண்டம் ஊரெங்கும் கிடைக்கும். பன்றி இறைச்சித் துணுக்கு வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். மளிகைக்கு மாணவர்கள் டிராம் ஏறி ரைனைக் கடந்து ஜெர்மனியின் கேல் ஊருக்குப் போவார்கள், விலை மலிவு என்று. 2017 முதல் டிராம் அங்கே ஓடுகிறது. படைகள் மாறி மாறிக் கடந்த ஆற்றை இப்போது சோப்புத்தூளும் அரிசியும் கடக்கின்றன.

ஸ்ட்ராஸ்பர்க் போக முடியாத நேயர்களுக்கும் வழி இருக்கிறது. 2007 முதல் நீதிமன்றத்தின் பொது விசாரணைகள் படமாக்கப்படுகின்றன. காலையில் நடந்ததை அன்று பிற்பகலே அதன் இணையதளத்தில் பார்க்கலாம், ஆங்கிலத்திலும் கேட்கலாம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். நீதிபதிகள் கேள்வி கேட்கும் கட்டத்திலிருந்து ஆரம்பித்தால் சுவாரசியமாக இருக்கும்.