சக்கரமும் இடைவளையமும்



1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜாகுவார் தொழிற்சாலையிலிருந்து புதிய மோட்டார் வண்டி ஒன்று வெளிவந்தது. '2.4 லிட்டர்' என்பது அதன் பெயர். 1959-இல் 'மார்க் 2' என்னும் வண்டி தோன்றிய பிறகே முன்னதனை 'மார்க் 1' என்று அழைக்கலாயினர். தம்பி பிறந்த பின்னர்த் தமையனுக்குப் பெயர் சூட்டிய விந்தை இது!

அழகிய வண்டிதான். ஆயினும் பின்னாலிருந்து நோக்குவார்க்கு ஒரு குறை தோன்றும். முன் சக்கரங்கள் இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 54½ அங்குலம். பின் சக்கரங்களுக்கு இடையே 50 அங்குலமே. பெரிய பந்தலுக்குக் கால்களை நெருக்கி நட்டாற் போலப் பின் சக்கரங்கள் உடலின் கீழே ஒடுங்கி நிற்கும். மார்க் 2 வண்டியில் இவ்விடைவெளியை 3¼ அங்குலம் கூட்டினர்.

பழைய வண்டிகளைப் பேணிக் காக்கும் அன்பர்கள் இன்றும் பலர் உளர். அவர்களுள் ஒருவர் மார்க் 1 வண்டியின் இக்குறையைத் தாமே நீக்க விரும்புகிறார் என்று கொள்வோம். எளிய வழியொன்று அவர் கண்ணிற்படும். சக்கரத்திற்கும் அது பொருந்தும் குடத்திற்கும் நடுவே ஓர் உலோக வளையத்தை வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் அன்றோ? இதனை ஸ்பேசர் என்பர். நாம் இடைவளையம் என்போம். பக்கத்திற்கு ஒன்றாக, 1⅝ அங்குலக் கனமுள்ள வளையங்கள் இரண்டு போதும். 3¼ அங்குலம் கிடைத்துவிடும். கணக்குச் சரியே. வண்டிக்கு அது சரியாகுமா என்பதே கேள்வி.

தொழிற்சாலையார் செய்தது வேறு. அவர்கள் அச்சையே நீட்டினார்கள். அச்சு நீண்டபொழுது அதன் முனையிலுள்ள பேரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே நகர்ந்தது. இடைவளையமோ சக்கரத்தை மட்டுமே நகர்த்தும். பாரத்தைத் தாங்கும் பேரிங் பழைய இடத்திலேயே நிற்கும். நீர் நிறைந்த குடத்தை இடுப்பருகே பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் அறிவீர்கள். குடம் அதே குடம்; நோவது தோள். ஒரு பின் சக்கரத்தின்மேல் 300 கிலோகிராம் பாரம் இருப்பதாகக் கொண்டு, சக்கரம் 41 மில்லிமீட்டர் வெளியே தள்ளப்பட்டால், ஒரு மீட்டர்க் கழியின் நுனியில் 12 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான வளைக்கும் முயற்சி அச்சின்மீது புதிதாக ஏறுகிறது. வண்டி குழியில் விழுந்தெழும்போது இது பன்மடங்காகும். போதாக்குறைக்கு, மார்க் 1 வண்டியின் பின் சக்கரங்களுக்கு மேற்புறத்தை மறைக்கும் தகடு உண்டு. வெளியே வந்த டயர் அதில் உரசவும் கூடும்.

அங்ஙனமாயின் இடைவளையம் ஆகாத பொருளோ எனின், அன்று. இங்கேதான் நுட்பம் இருக்கிறது. சக்கரத்தின் அகலத்தை நடுவே வகுக்கும் கோடு ஒன்று உண்டு. அக்கோட்டிற்கும், சக்கரம் குடத்தோடு பொருந்தும் முகத்திற்கும் இடையேயுள்ள தொலைவை ஆஃப்செட் என்பர். பழைய சக்கரங்கள் துருவேறி உதவாமற் போக, ஒருவர் பிற்காலச் சக்கரங்களை வாங்கிப் பூட்டுகிறார். பழையதன் ஆஃப்செட் 20 மில்லிமீட்டர். புதியதன் ஆஃப்செட் 35. ஆகவே புதிய சக்கரம் 15 மில்லிமீட்டர் உள்ளே போய்ச் சுருள்வில்லையோ பிரேக்கையோ முட்டுகிறது. இப்பொழுது 15 மில்லிமீட்டர் வளையம் இட்டால் நடுக்கோடு தன் பழைய இடத்திற்கே மீள்கிறது. பேரிங் யாதொரு மாற்றத்தையும் உணராது. முன் சக்கரமாயின், ஸ்டியரிங்கின் இயல்பும் கெடாது. ஆகவே வளையத்தின் கனத்தைக் கண்டு அஞ்சுவதும் தவறு. மெலிவைக் கண்டு மகிழ்வதும் தவறு. நடுக்கோடு முன்பு எங்கே இருந்தது, இப்பொழுது எங்கே இருக்கிறது என்பதையே அளக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. சக்கரத்தைச் சுமப்பவை அதன் ஸ்டட்டுகள் என்று பலர் எண்ணுகின்றனர். அலமாரியிலிருந்து பத்துப் புத்தகங்களை இரு உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தித் தூக்கிப் பாருங்கள். நடுப்புத்தகத்தை எது தாங்குகிறது? அழுத்தத்தால் பிறந்த உராய்வு. சக்கரமும் அவ்வாறே. நட்டுகளின் இறுக்கம் சக்கரத்தைக் குடத்தோடு அழுத்துகிறது, உராய்வு சுமக்கிறது. வளையம் புகுந்தால் உராயும் முகங்கள் ஒன்றுக்கு இரண்டாகின்றன. முகத்தில் துருவோ வண்ணப்பூச்சோ இருந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் தளரும். மேலும், வளையத்தின் கனம் ஸ்டட்டின் நீளத்தைத் தின்றுவிடும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமேனும் நட்டு மரையில் பிடித்திருத்தல் வேண்டும். அரை அங்குல ஸ்டட்டில் அங்குலத்திற்கு 20 மரை இருக்குமாயின், நட்டு 10 சுற்றேனும் ஏற வேண்டும்.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. கல்லூரியை விட்டு வந்த புதிதில் நானும் நண்பர் ஒருவரும் பழைய வண்டி ஒன்றைப் பங்கிட்டு வாங்கினோம். பின் சக்கரம் உட்புறம் உரசிற்று. 5 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை வைத்துப் பூட்டினோம். முன்பு 12 சுற்று ஏறிய நட்டு இப்பொழுது 8 சுற்றே ஏறியது. அதனை எண்ணிப் பார்க்க வேண்டுமென்றே எங்களுக்குத் தோன்றவில்லை. வளையத்தின் மேலிருந்த வண்ணத்தையும் சுரண்டவில்லை. நண்பரின் தாயாரை ஏற்றிக்கொண்டு வெளியூர் புறப்பட்டோம். நாங்கள் இருவரும் முன்னிருக்கையில் உரக்கப் பேசிக்கொண்டிருக்க, பின்னிருந்த அம்மூதாட்டியார், "ஏன் தம்பி, வண்டி தாளம் போடுகிறதே?" என்றார். இறங்கிப் பார்த்தோம். ஐந்து நட்டுகளுள் இரண்டு, விரலால் சுழற்றும் அளவிற்குத் தளர்ந்திருந்தன. சற்றுத் தொலைவில் பாலம் ஒன்று இருந்தது.

அன்றே வளையத்தைக் கழற்றிவிட்டோம். பின்னர் நீண்ட ஸ்டட்டுகளை வாங்கி அடித்து, முகங்களைப் பளபளக்கத் தேய்த்து, குடத்தின் நடுமேட்டில் சரியாக அமரும் வேறு வளையத்தைக் கடைந்து வாங்கி, அளவறிந்து முறுக்கும் திறப்பான் கொண்டு இறுக்கினோம். ஐம்பது மைல் ஓட்டியபின் மீண்டும் இறுக்கிப் பார்த்தோம். ஒரு நட்டு கால் சுற்று ஏறியது. அதன்பின் அசையவில்லை. நண்பரின் தாயார் மட்டும், அவ்வண்டியில் ஏறும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டே, "நட்டெல்லாம் பார்த்தாயா?" என்று கேட்ட பின்னரே அமர்வார்.