கடலைப் பார்க்கப் போவோம், அவசரமில்லாமல்

(ஊவாப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில், தைப்பொங்கலுக்குப் பின் நடந்த மாதர் குழுக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்.)



உங்கள் குழுத் தலைவி என்னைக் கூப்பிட்டபோதே ஒரு நிபந்தனை போட்டார். "அக்கா, போன தடவை முருங்கைக்கீரையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசிட்டீங்க. இந்தத் தடவை வேற ஏதாவது பேசுங்க" என்றார். ஆகவே இன்றைக்குக் கீரை இல்லை. கடலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

வருகிற ஆகஸ்ட் பாடசாலை லீவுக்கு ஒரு டிரிப் போவதாக இங்கே கதை நடக்கிறது. நல்ல காரியம். தலைவி அதற்கான கடதாசியை என்னிடம் காட்டினார். வெள்ளி இரவு புறப்படுவது. கதிர்காமம், திஸ்ஸமகாராமை, மாத்தறை, காலி, தெஹிவளை மிருகக்காட்சிசாலை, நீர்கொழும்பு. ஞாயிறு இரவு திரும்புவது. திங்கட்கிழமை காலையில் பெரட்டு.

நான் கேட்டேன்: "இதில எந்த இடத்தில நீங்க கொஞ்ச நேரம் சும்மா உட்காரப் போறீங்க?" தலைவி யோசித்துப் பார்த்துவிட்டு, "பஸ்ஸிலதான் அக்கா" என்றார்.

நானும் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள்தான். என் அம்மா நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். அவர் கடலைப் பார்த்ததே இல்லை. நான் உத்தியோகத்துக்கு வந்த பிறகு, எங்கள் லயத்து ஆட்களைச் சேர்த்து இதே மாதிரி ஒரு டிரிப் ஒழுங்கு செய்தேன். அதுவும் ஆகஸ்ட் மாதம்தான். சட்டி, பானை, அரிசி, விறகு எல்லாம் வேனில் ஏற்றினோம். முதல் நாள் இரவு ஒரு மணி வரைக்கும் அம்மாவும் இன்னும் மூன்று பொம்பளைகளும் சமைத்தார்கள். விடியுமுன் எழும்பி மறுபடி ரொட்டி சுட்டார்கள். ஆம்பிளைகள் பாட்டுப் பாடினார்கள். நான் கணக்குப் பார்த்தேன். அடுத்த நாள் பகல் தெற்குக் கரையில் ஓரிடத்தில் வேனை நிறுத்தி, "முக்கால் மணித்தியாலம், எல்லாரும் கடலைப் பாத்துட்டு வாங்க" என்று நான்தான் சத்தம் போட்டேன். அம்மா சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்துக் காம்பரா அத்தை கேட்டார், "கடல் எப்படி இருந்திச்சு?" என்று. அம்மா சொன்னார்: "சத்தம் கேட்டுச்சு. நல்ல பெரிய சத்தம்."

அடுத்த வருஷம் கூட்டிப் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வருஷம் அவருக்கு முழங்கால் விட்டுப்போனது. பிறகு போகவே இல்லை. இன்றைக்கு அம்மா இல்லை. அந்த டிரிப்பை யாரும் கெடுக்கவில்லை, திட்டம் போட்ட நான்தான் கெடுத்தேன். அதனால்தான் உங்கள் கடதாசியைப் பார்த்ததும் எனக்குப் பேச வேண்டும்போல் இருந்தது.

நம் ஆட்களுக்குக் கடல் என்றால் தாண்டுகிற ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. பாட்டன் பூட்டன் காலத்தில் வள்ளத்தில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914க்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் வந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, இங்கே பிறந்து வளர்ந்தவர்களையே கோச்சியில் ஏற்றித் தலைமன்னார் வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். போகும்போதும் வரும்போதும் கடலைப் பார்த்தார்கள். ஆனால் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

சரி, எங்கே போவது? ஆகஸ்ட்டில் போவதென்றால் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. காலி, களுத்துறை, நீர்கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அம்மா கேட்ட பெரிய சத்தம் அதுதான். அந்தக் காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம்ம ஊவாவுக்குக் காய்ந்த காற்றாக வருகிறது. உங்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் கொழுந்து குறையும், ஆனால் தேயிலைக்கு ஒரு தனி வாசம் வரும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் காற்றுத்தான். அது இன்னும் கீழே இறங்கி மட்டக்களப்புக்குப் போகும்போது அங்குள்ளவர்கள் கச்சான் காற்று என்கிறார்கள். அங்கே மழை இல்லை, கடல் அடங்கிக் கிடக்கும். நம்ம தோட்டத்தில் கொழுந்து குறைந்த நேரம், பிள்ளைகளுக்கு லீவு, அங்கே கடல் அமைதி. மூன்றும் ஒன்றாகப் பொருந்துகிற காலம் வேறு கிடைக்காது. நவம்பரிலிருந்து நேர்மாறு. அப்போது கிழக்கில் மழையும் வெள்ளமும், கடலும் பொல்லாதது.

கிழக்குக் கரையிலும் நான் சொல்வது பாசிக்குடா. மட்டக்களப்புக்கு வடக்கே, வாழைச்சேனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரை பிறை மாதிரி வளைந்து கிடக்கும். வெளியே முருகைக்கல் இருப்பதால் அலை உடைந்து அடங்கித்தான் உள்ளே வரும். தண்ணீர் நெடுந்தூரம் ஆழமில்லாமல் இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய வசதி, சேலையை ஒரு சாண் தூக்கிக்கொண்டு மெதுவாக நடக்கலாம். அந்த ஊர்களும் பட்டபாடு கொஞ்சமல்ல. யுத்தத்தில் அடிபட்டன. 2004 டிசெம்பர் 26 சுனாமி கரையைத் துடைத்துக்கொண்டு போனது. 2009க்குப் பிறகு பெரிய ஹோட்டல்கள் வந்தன. அவை நமக்கு எட்டாது, எட்ட வேண்டியதுமில்லை. கடல் ஹோட்டல்காரருடையதல்ல, பொதுமக்கள் இறங்குவதற்குத் தனி இடம் இருக்கிறது. சனி, ஞாயிறு, போயா நாட்களில் அங்கே கால் வைக்க இடமிராது. செவ்வாய், புதனில் போனால் அமைதியாக இருக்கும். இன்னொரு விசயம், அங்கே கடைக்காரர் முதல் பஸ் கொண்டக்டர் வரைக்கும் தமிழில் பேசலாம். நம்ம தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவர்கள் தமிழைக் கேட்டு நாமும் சிரிக்கலாம்.

பாதை லேசு. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா, செங்கலடி. அங்கே இடப்பக்கம் திரும்பி சித்தாண்டி, கிரான் தாண்டி வாழைச்சேனை. நுவரெலியாப் பக்கத்தார் வெலிமடை வழியாகப் பதுளைக்கு வந்தால் அதே பாதைதான். சித்தாண்டியில் முருகன் கோயில் பாதையோரத்திலேயே இருக்கிறது. கதிர்காமத்தை விட்டுவிட்டோமே என்று கவலைப்படுகிற பாட்டிமார் அங்கே கும்பிட்டுக்கொள்ளலாம். மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறு இருக்கிறது, அதையும் பார்த்துவிடுவோம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று சேரும், கடைசியில் பழைய கடதாசிதான்.

தயவுசெய்து இரவில் புறப்படாதீர்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருஷம் செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய பாதையில் விழுந்தது, உல்லாசப் பயணம் போய்த் திரும்பிய பஸ். அதில் இறந்தவர்களும் பதினைந்துக்குக் குறையாது. மகா ஓயாவுக்கு அப்பால் இரவில் யானையும் வரும். விடிந்த பிறகு ஏறுங்கள், பொழுது சாயுமுன் இறங்குங்கள். டிரைவர் முதல்நாள் இரவு தூங்கினாரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம்ம மலைப் பாதைகளை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போகிற வாரம் பாதை எப்படி என்று விசாரித்துவிட்டே புறப்படுங்கள்.

வளைவுகளில் சத்தியெடுக்கிற பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சோறும் ஆகாது. கொஞ்சம் ரொட்டி, ஒரு துண்டு இஞ்சி, கையில் சொப்பிங் பேக்.

இரண்டு இரவு, ஒரே இடம். வாழைச்சேனை, கல்குடாப் பக்கம் சாதாரண அறைகள் வாடகைக்குக் கிடைக்கும். ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்து, கிணறு, கக்கூஸ், கதவுப் பூட்டு மூன்றையும் சரிபார்த்து, விலையைப் பேசி எழுதி வாங்கி வரட்டும்.

சமையல் விசயத்துக்கு வருகிறேன். ஐயாமார் கொஞ்சம் முன்னால் வாருங்கள். பொம்பளைகள் காலை நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையை மடுவத்தில் விட்டு, மலைக்குப் போய், வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறவர்கள். டிரிப்பிலும் அதையே செய்தால் அவர்களுக்கு அது டிரிப் அல்ல, அடுப்பு மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது. பகல் சோறு கடையில் பார்சலாக எடுங்கள். மட்டக்களப்புத் தயிருக்கு ஊரெல்லாம் பெயர், ஒரு சட்டி வாங்குங்கள். இரவுக்கு மீன் வாங்கி ஆம்பிளைகள் சமைக்கட்டும். உப்புக் கூடினாலும் யாரும் குறை சொல்லக்கூடாது. (சிரிப்பு.) ஏன் சிரிக்கிறீர்கள்? கல்யாண வீட்டில் அண்டாவில் கிண்டுகிறவர்கள் ஆம்பிளைகள்தானே!

கடலில் இறங்குவதைப் பற்றி. நமக்கு ஓடை தெரியும், ஆறு தெரியும், கடல் தெரியாது. பாசிக்குடா அடக்கமான கடல்தான், ஆனாலும் கடல். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். பிள்ளைகளுக்கு இடுப்பளவு என்பது நமக்கு முழங்காலளவு, அதை மறந்துவிடுகிறோம். மூன்று பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். எல்லாரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பக்கத்திலுள்ள கல்குடாக் கரை பார்க்க அழகு, ஆனால் அங்கே அலை பெரிது. அங்கே நடக்கலாம், குளிக்க வேண்டாம். சிவப்புக் கொடி இருந்தால் எந்தக் கடலிலும் இறங்கக்கூடாது. குடித்தவர் கரையிலேயே இருக்க வேண்டும். இதைச் சொன்னால் கோபிப்பார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, உயிரோடு திரும்பி வரட்டும். வெயிலையும் லேசாக எண்ணாதீர்கள். கச்சான் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும், சூடு ஏறுவது தெரியாது. காலையில் ஒன்பது மணி வரைக்கும், மாலையில் நாலு மணிக்குப் பிறகும் கடலில் இருங்கள். நடுவில் மரநிழலில் பாய் விரித்துத் தூங்குங்கள். ஆமாம், பகலில், பொம்பளைகளும்தான்.

காசுக்கு நகையை அடகு வைப்பதோ, வாரக் கடன் எடுப்பதோ வேண்டவே வேண்டாம். மூன்று நாள் டிரிப்புக்கு ஒரு வருஷம் வட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும். பன்னிரண்டு குடும்பம் மாதம் இரண்டாயிரம் ரூபாய்ப்படி பெப்ரவரி முதல் ஜூலை வரைக்கும் ஆறு சம்பளத்தில் சேர்த்தால் 1,44,000 ரூபாய். பஸ் கூலி, அறை, சாப்பாடு மூன்றுக்கும் விலை கேட்டுக் கூட்டிப் பாருங்கள். எட்டாவிட்டால் ஒரு இரவைக் குறையுங்கள், இடத்தைக் கூட்டாதீர்கள். கொப்பி ஒருவர் கையில், வங்கிப் புத்தகத்தில் இருவர் கையெழுத்து. யாருக்காவது பிள்ளைக்குச் சுகமில்லாமல் போய்ப் பங்கைத் திருப்பிக் கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

லீவைப் பற்றி ஒரு சொல். சம்பளத்தோடு கூடிய வருட லீவு போன வருஷம் நீங்கள் வேலைக்கு வந்த நாட்களைக் கொண்டு கணக்காகிறது. உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று இப்போதே ஆபீசில் கேட்டு வையுங்கள். ஜூலை மாதம் போய்க் கேட்டு, "ஒரே மலையில பன்னிரண்டு பேருக்கு எப்படி லீவு குடுக்கிறது?" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். திரும்பிய மறுநாளும் ஒரு நாள் லீவாக இருக்கட்டும். துணி துவைக்க அல்ல, படுத்திருக்க.

கொப்பி ஒன்று நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தலைவி அதைத் திறந்து பெயர் எழுதுங்கள். முதல் பக்கத்தில் வயதானவர்களையும் முழங்கால் வலிக்காரரையும் எழுதுங்கள். பஸ்ஸில் முன் சீட்டு அவர்களுக்கு.